கடைசி நூல் வாசலுக்கு

உலகத்தில் இதுவரை மனிதர்கள் கட்டிய வீடுகளில் ஒழுங்காகக் கட்டப்பட்டவை எல்லாம் மேஸ்திரி கட்டியவையே. மற்றவர்கள் கட்டியவை வெறும் சுவர்கள். மேலே கூரை இருப்பதால் ஜனங்கள் ஏமாந்து உள்ளே குடியிருக்கிறார்கள். இதை மேஸ்திரி தினமும் காலையில் டீ குடிக்கும்போது அறிவிப்பார். அந்த நேரத்தில் மறுத்துப் பேச வீட்டில் யாருக்கும் கை ஒழியாது. ஆகவே அது நிரூபிக்கப்பட்ட உண்மையாகவே நிலைத்துவிட்டது.

அன்று காலை அதோடு இன்னொரு உண்மையும் சேர்ந்துகொண்டது.

"எங்க வம்சத்துல ஒரு ஆம்பளை ஊசியைத் தொட்டதில்ல. எங்க தாத்தா கடப்பாரை பிடிச்சாரு. எங்கப்பா கரண்டி பிடிச்சாரு... கொத்துக் கரண்டி, சமையக் கரண்டி இல்ல. நான் மட்டக்கோல் பிடிக்கிறேன். சட்டைப் பட்டன் அறுந்து விழுந்தா அப்படியே போவோமே தவிர, ஊசியைத் தொட மாட்டோம்."

"தெரியுதுங்க," என்றாள் மனைவி. அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை.

அவளுக்கு அந்த வீட்டில் 'மெஷின்காரி' என்று பெயர். மேஸ்திரி கேலியாக வைத்தது. அக்கம்பக்கத்துக்குத் துணி தைத்துத் தைத்துச் சேர்த்து அவள் ஒரு எம்ப்ராய்டரி மெஷின் வாங்கிய நாளில் ஒட்டிக்கொண்ட பெயர். படத்தை உள்ளே ஏற்றிவிட்டால் அது தானாகவே தைக்கும். ஒரு நிறம் முடிந்ததும் நின்று, கீங் கீங் என்று கத்தும். அடுத்த நூலைக் கோத்துவிட்டால் மறுபடி ஓடும். இந்தக் கீங் கீங்தான் மேஸ்திரியின் பரம விரோதி. கான்கிரீட் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அசராமல் போன் பேசுகிறவருக்கு, இது மட்டும் மூளைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருக்குமாம்.

ஒவ்வோர் ஆண்டும் குளிர் தொடங்கி ஆண்டு முடியப்போகும் நாட்களில், உறவுக்காரர்களுக்கும் பழகியவர்களுக்கும் அவள் தன் கையால் ஏதாவது செய்து கொடுப்பாள். போன வருஷம் தலையணை உறை. இந்த வருஷம் கைத்துண்டு, அதில் ஒரு குருவி வீடு. பலகைச் சுவர், சரிந்த கூரை, பக்கத்தில் ஒரு கிளை. கிளையில் உட்கார்ந்து ஒரு குருவி வாசலை எட்டிப் பார்க்கும். யாருக்குக் கொடுக்கிறாளோ அவர்களுக்குத் தகுந்தாற்போல் நிறத்தை மாற்றுவாள். கண் டாக்டரின் நர்ஸுக்கு வெள்ளைச் சுவர். பின்வீட்டுத் தபால்காரருக்குக் காக்கிக் கூரை. எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: வாசல். சுவருக்கு மேல் விழவேண்டியது என்பதால் அது கடைசியில் வரும். அடர்ந்த பழுப்பு நூலில், வட்டமாக.

"மெஷின் தைக்குது, நீ நின்னு வேடிக்கை பாக்கறே. இதுல கைவேலை எங்க வந்துச்சு?" என்று மேஸ்திரி அடிக்கடி கேட்பார்.

துணியைத் தட்டினால் மேளம்போல் சத்தம் வரும்படி ஃபிரேமில் இறுக்குவது யார்? அடியில் எந்தத் தாளை வைத்தால் சுருங்காது என்று பழந்துணியில் தைத்துத் தைத்துப் பார்ப்பது யார்? ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் கிடக்கும் நூலையெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்குவது யார்? அவள் இதையெல்லாம் சொல்லமாட்டாள். மாமியார்தான் ஒருமுறை, "நீ மட்டும் சாந்தைக் கையாலயா பிசையறே? உனக்கும் மெஷின்தானேடா கலக்குது?" என்று கேட்டாள். மேஸ்திரிக்கு உடனே ஒரு முக்கியமான போன் வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மெஷின் இருந்த அறை, மேஸ்திரியின் அக்கா கல்யாணமாகிப் போவதற்கு முன் இருந்த அறை. அதில் மெஷினைக் கொண்டுவந்து வைத்தபோது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மெஷின்காரி சொன்னாள். "எங்கக்காகிட்ட எதுக்குக் கேக்கணும், அவ தங்கமானவ," என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். தங்கமானவள் அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன குளிருக்குத் தலையணை உறையை எடுத்துக்கொண்டு மெஷின்காரி தானே நேரில் போய், அழுது, அழவைத்து, ஒருவழியாகச் சமாதானம் ஆனது. அந்தச் சமாதானத்துக்கு இன்னும் ஈரம் காயவில்லை.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். தட்டவில்லை, அறைந்தார்கள்.

நாத்தனார் படிக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு பை.

"வாங்க அண்ணி. ஏன் வெளியவே நிக்கறீங்க?"

"எது வழியா வரட்டும்? வாசல்தான் இல்லையே."

"என்னக்கா விடிஞ்சதும் விடியாததுமா..." என்று மேஸ்திரி எழுந்து வந்தார்.

நாத்தனார் பையிலிருந்து கைத்துண்டை எடுத்து உதறினாள். சிவப்புக் கூரை. வெளிர்பச்சைச் சுவர். கிளை. குருவி. குருவி கழுத்தை நீட்டி, ரொம்ப ஆவலாக, ஒரு முழுச் சுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசல் இல்லை.

மெஷின்காரி பயந்ததுபோலவே ஆகிவிட்டது. முந்தின நாள் காலை, மெஷினில் குருவி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கண் ஆஸ்பத்திரியிலிருந்து உடனே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். மாமியாருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகிப் புரை எடுத்திருந்தது. "அது பாட்டுக்கு நின்னு காத்துக்கிட்டிருக்கும், கத்தினா கத்தட்டும், யாரும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி தலையை ஆட்டினார். சாயங்காலம் திரும்பி வந்தால் ஃபிரேம் காலி. 'அண்ணிக்கு' என்று அவள் எழுதிவைத்திருந்த பையையும் காணோம். "போற வழிதானேன்னு நானே குடுத்துட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்," என்று மேஸ்திரி பெருமையோடு சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். விடிந்ததும் ஓடிப்போய் அண்ணி பிரிப்பதற்குள் வாங்கி வந்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அண்ணி முந்திக்கொண்டாள்.

"என் ரூம் சுவத்துக் கலரு," என்றாள் நாத்தனார். "நான் பொறந்து வளந்த ரூம் சுவரு. பாத்து பாத்து அதே பச்சையை எடுத்திருக்கா. எடுத்து, வாசல் மட்டும் வைக்காம அனுப்பியிருக்கா. எனக்குப் புரியாதுன்னு நினைச்சாளா? ரூமைத்தான் எடுத்துக்கிட்டீங்க. இனிமே இங்க வராதேன்னு நேரா சொல்லியிருந்தா நான் வராம இருந்திருப்பேனே... இப்படிப் பூவேலை போட்டா சொல்லணும்?"

உள்ளேயிருந்து மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு தட்டித் தடவி வந்தாள். துணியை வாங்கி விரலால் தடவினாள். "கூரை இருக்கு... குருவி இருக்கு..." என்று தேடிக்கொண்டே போன விரல், சுவரின் நடுவில் போய் நின்றது. "அட ஆமா," என்றாள்.

மேஸ்திரி துணியை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூக்குமட்டம் பார்ப்பதுபோல் பார்த்தார். தொழில் தெரிந்தவரின் கோபம் மெல்ல மெல்ல ஏறியது.

"இதுவா வீடு? கூரைல என்ன குறை? ஒண்ணுமில்ல. சுவத்துல? ஒண்ணுமில்ல. ஆனா ஆளு எப்படி உள்ள போவான்? ஒரு சின்னப் புள்ளை மண்ணுல வீடு கட்டினாக்கூட ஒரு ஓட்டை போடும். வாசல் வைக்காம வீட்டை ஒப்படைச்சவன் எவனா இருந்தாலும் அவன் முட்டாள். முட்டாள் மட்டும் இல்ல, அவனுக்கு வெக்கம்னு ஒண்ணு கிடையாது."

"ஆமாங்க," என்றாள் மெஷின்காரி.

"என்ன ஆமாங்க? பதில் சொல்லு."

பதில் அவள் நாக்கின் நுனியில் நின்றது. சொன்னால் நிமிஷத்தில் முடிந்துபோகும். ஆனால் எது முடியும்? ஊரெல்லாம் வீடு கட்டுகிறவன், கதவு நிலை வைக்க நல்ல நேரம் பார்க்கிறவன், வீட்டுக்கு வாசல் வேண்டும் என்று தெரியாமல் எடுத்துக் கொடுத்தான் என்று யார் நம்புவார்கள்? தம்பி வேண்டுமென்றே செய்தான் என்றுதான் அண்ணி நினைப்பாள். அதற்கு எந்தத் தலையணை உறை கொடுத்தும் பரிகாரம் கிடையாது.

"தப்பு நடந்துபோச்சு அண்ணி," என்றாள்.

"யாரு தப்பு?"

"மெஷின் என்னுதுதானே."

அவள் பொய் சொல்லவில்லை. நாத்தனார் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"அப்படின்னா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அந்த மெஷின் அந்த ரூம்ல இருக்கற வரைக்கும் எனக்கு இந்த வீட்டுல வாசல் இல்ல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே?" என்றார் மேஸ்திரி. "மெஷினை எடுத்துட்டாப் போச்சு." மற்றவர்களின் பொருளைத் தியாகம் செய்வதில் அவருக்கு எப்போதுமே தாராள மனசு.

மெஷின்காரி தலை குனிந்தாள். இரண்டு சொட்டுக் கண்ணீர் அவர் கையிலிருந்த துண்டின் பச்சைச் சுவர்மேல் விழுந்தன. இந்த மெஷினின் சத்தத்தில்தான் அவளுக்கென்று ஒரு பொழுது விடிந்து, ஒரு பொழுது அடைந்துகொண்டிருந்தது. கடைத்தெருவிலிருந்துகூட அவளைப் பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள் என்றால் அதனால்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்தாள்.

"எடுத்துடலாங்க. ஆனா அண்ணி இந்தத் துண்டோட திரும்பிப் போகக் கூடாது. குறையில்லாம ஒண்ணு தைச்சு அவங்க கையில குடுத்துட்டுதான் மெஷினை மூடுவேன். என் கையால போன பொருள் எதுவும் இதுவரைக்கும் குறையா போனதில்ல. கடைசியும் அப்படிப் போகாது."

அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. நாத்தனார்கூட ஒரு படி உள்ளே வந்துவிட்டாள்.

"என் கண்ணு முன்னால தை. வாசல் வைக்கிறியா இல்லையான்னு பாக்கறேன்."

"எனக்குக் கண்ணு தெரியாது," என்றாள் மாமியார். "நான் காதால பாத்துக்கறேன். ஒரு நாற்காலி போடு."

ஆகவே குடும்பம் முழுக்க அந்த அறையில் கூடியது. மெஷின்காரி புதுத் துண்டை விரித்தாள். தாளை அடியில் வைத்தாள். ஃபிரேமில் இறுக்கித் தட்டிப் பார்த்தாள், டங் என்றது. நூலைக் கோத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. முதலில் கிளை. ஒன்றுமில்லாத துணியில் ஒரு குச்சி முளைத்தது, இலை விட்டது. நாத்தனார் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பார்க்காததுபோல் பார்த்தாள். கீங் கீங். நூல் மாறியது. பச்சைச் சுவர் பலகை பலகையாக எழும்பியது. கட்டிய கை அவிழ்ந்தது.

"இந்தப் பச்சை எங்க கிடைச்சுது உனக்கு?" என்றாள்.

"பீரோவுக்குப் பின்னாடி பழைய பெயின்ட் இன்னும் இருக்கு அண்ணி. சுண்ணாம்பு அடிச்சப்ப அந்த இடத்தை மட்டும் அடிக்கவேண்டாம்னு சொல்லிட்டேன். நூல்கண்டை அதுல வச்சுப் பாத்துதான் எடுத்தேன்."

நாத்தனார் பீரோவுக்குப் பக்கத்தில் போய், தலையைச் சாய்த்து, இடுக்கில் பார்த்தாள். திரும்பி வந்தபோது, மெஷினுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நின்றாள்.

கூரை முடிந்தது. குருவி வந்தது; அலகு, வால், கடைசியாகக் கண்ணுக்கு ஒரு புள்ளி. மெஷின் நின்றது. கீங் கீங். பழுப்பு நூல் எடுக்க மெஷின்காரி குனிந்து பெட்டியைத் திறந்தாள்.

மேஸ்திரி ஜன்னலோரம் போனில் இருந்தார். மணல் வரவில்லை போலிருக்கிறது. கீங் கீங். ஒரு காதைப் பொத்திக்கொண்டார். கீங் கீங். பொறுக்கமுடியாமல் திரும்பினார், எட்டி வந்தார், பழகிய கையோடு சுவிட்சை அணைத்தார், ஃபிரேமைக் கழற்றினார், துணியை உருவி அக்காவிடம் நீட்டினார்.

"இந்தா, முடிஞ்சுபோச்சு. எடுத்துக்க. இந்தச் சனியன் முடிஞ்சதும் இப்படித்தான் காது கிழியக் கத்தும். நேத்தும் இப்படித்தான் கத்திச்சு, நான்தான்..."

போனில் யாரோ "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நாத்தனார் துணியைப் பார்த்தாள். குருவி சுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மெஷின்காரி பழுப்பு நூல்கண்டும் கையுமாக எழுந்து நின்றாள்.

"நேத்து நீதான்... என்னடா பண்ணினே?"

"இல்லக்கா... கத்திச்சு... முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு..."

"வாசல் எங்கடா?"

மேஸ்திரி துணியைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "குருவி வந்துடுச்சேக்கா," என்றார் பரிதாபமாக. "குருவி வந்துட்டா வீடு முடிஞ்ச மாதிரிதானே?"

"அப்போ நீ கட்டற வீட்டுலயெல்லாம் ஆளு குடி வந்தப்புறம்தான் வாசல் உடைப்பியா?"

நாற்காலியில் இருந்த மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்தால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வெக்கம் கிடையாதுன்னு யாரையோ சொன்னியேடா," என்று சொல்லி மறுபடி சிரித்தாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் மெஷின்காரியையே பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

மெஷின்காரி நூல்கண்டை விரலில் உருட்டினாள்.

"வந்து நின்னதுமே உனக்குத் தெரியும். அவன் அத்தனை பேச்சுப் பேசினானே, ஏன் வாயைத் திறக்கல? மெஷினையே தூக்கிக் குடுக்கத் துணிஞ்சியே, ஏன்டி?"

"நான் செஞ்சேன்னா, புத்தியில்லாம செஞ்சுட்டாளேன்னு ஒருநாள் மன்னிச்சிடுவீங்க அண்ணி. வேத்து வீட்டுலேந்து வந்தவதானேன்னு விட்டுடுவீங்க. ஊருக்கெல்லாம் வாசல் வைக்கிற தம்பி உங்களுக்கு மட்டும் வைக்கலன்னு தெரிஞ்சா... அது மனசை விட்டுப் போகுமா?"

நாத்தனாரின் முகம் கோணியது. அடுத்த நொடி அவள் மெஷின்காரியைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் நூல்கண்டு மாட்டிக்கொண்டு குத்தியது. யாரும் விலகவில்லை.

"வேத்து வீட்டுலேந்து வந்தவளாம்... இன்னொரு தடவை சொல்லு, வாயிலயே போடறேன். என் சுவத்தை பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுக் காப்பாத்தியிருக்கா... இவளைப் போயி..." அழுது முடித்து மூக்கை உறிஞ்சிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "இது என் ரூம்தானே?"

"உன் ரூம்தான்கா."

"அப்போ என் ரூம்ல என்ன இருக்கணும்னு நான்தான் சொல்லணும். மெஷின் இங்கயே இருக்கும். அதைத் தொட்டே, உன் விரலை முறிச்சுடுவேன். யாராவது கேட்டா, எங்க வீட்டு மெஷின்காரி இங்க உக்காந்துதான் தைக்கிறான்னு சொல்லு. நெஞ்சை நிமித்திச் சொல்லு."

மெஷின்காரி அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்டாள். மேஸ்திரி சொன்ன அதே பெயர்தான். ஆனால் யாரோ அதை வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுத்ததுபோல் இருந்தது.

ஃபிரேமிலிருந்து ஒருமுறை கழற்றிய துணி மறுபடி அதே இடத்தில் உட்காராது. ஒரு மயிரிழை தள்ளினாலும் வாசல் சுவரை விட்டுக் கூரைக்குப் போய்விடும். ஆகவே புதுத் துண்டுக்கு வாசலை அவள் கையாலேயே போட்டாள். எல்லோரும் சுற்றி நிற்க, ஊசி ஏறி இறங்க, வட்டம் சுற்றி வந்து தன்னைத்தானே தொட்டது. மெஷின் வேலையா கைவேலையா என்று மேஸ்திரியால் சொல்லமுடியவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

நாத்தனார் அதை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். போவதற்கு முன், பழைய துண்டை எடுத்து, டீ குடிக்கும் இடத்துக்கு நேராகச் சுவரில் மாட்டினாள்.

"இது இங்கயே இருக்கட்டும். எங்க தம்பி ஒப்படைச்ச வீடு."

அதற்கப்புறம் வந்தவர் போனவரெல்லாம் அதைப் பார்த்தார்கள். தபால்காரர் தன் காக்கிக் கூரைக்கு நன்றி சொல்ல வந்து, "இதுல குருவி எப்படி உள்ள போகும்?" என்று நியாயமாகக் கேட்டார். மாமியார் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். காலை டீ நேரத்தில் உலகத்து வீடுகளைப் பற்றிய அறிவிப்பு தானாகவே நின்றுபோனது. சிமென்ட் கடையில் மட்டும் மேஸ்திரி யாரிடமோ, "எங்க வீட்டு மெஷின்காரி போட்ட வாசலைப் பாத்திருக்கியா? எங்க தொடங்கிச்சு, எங்க முடிஞ்சுதுன்னு கண்டுபிடி பாப்போம்," என்று சொன்னதாகக் கேள்வி. வீட்டில் சொல்லவில்லை.

ஒரு காலை டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். சுவரில் துண்டும் இல்லை.

மெஷின்காரி அறைப் பக்கம் போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது. மேஸ்திரி அவளுடைய முக்காலியில், மாமியாரின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தத் துண்டு. பாட்டில் மூடியை வைத்து, தச்சர் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் ரசமட்டம் கிடந்தது; வாசல் சாயாமல் இருக்கிறதா என்று அதை வைத்துப் பார்த்திருக்கிறார். கையில் ஊசி. ஊசியில் பழுப்பு நூல். வாசல் பாதி வந்திருந்தது. வட்டமாகத் தொடங்கி, வழியில் மனம் மாறி, முட்டை வடிவத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஊசி விரலில் ஏறியது. அவர் சத்தம் போடவில்லை. யாராவது பார்த்தார்களா என்று ஜன்னலைப் பார்த்தார். விரலைச் சப்பிக்கொண்டார். மறுபடி குனிந்தார். அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள்: அவர் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இருந்தது. பழுப்பு நூலில், ஒரு கூடைப் பட்டனுக்குப் போதுமான நூலில், இனி சட்டையே கிழிந்தாலும் பட்டன் கழலாது என்கிற உறுதியோடு தைக்கப்பட்டிருந்தது. முதலில் அதில் பழகியிருக்கிறார்.

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "டேய், டீ ஆறுது. எங்கடா இருக்கே?"

"சைட்டுக்குப் போயிட்டேம்மா," என்றார் மேஸ்திரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெஷின்காரி வந்த சுவடு தெரியாமல் பின்வாங்கினாள். டீயைச் சுடவைத்து எடுத்து வந்து, சத்தமில்லாமல் அறை வாசலில் வைத்தாள்.

"ஆமா அத்தை," என்றாள் கூடத்தைப் பார்த்து. "அவர் அப்பவே வேலைக்குப் போயிட்டாரு."